கட்டினவள்தான் முதலில் ஏறுவாள்

என் மருமகள் செல்லக்கிளியைப் பற்றி, அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் அழகிரி எழுதுகிறான். அவன் அவளுக்குப் புருஷன். நடுவில் தன்னைப் பற்றிப் பெருமையாக நாலு வரி இருந்தால், அது நான் சொன்னது இல்லை.

செல்லக்கிளியின் அப்பா மருதை சாரம் கட்டுகிறவர். திருச்சியைச் சுற்றி எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து, கோபுரத்தின் அடியிலிருந்து கலசம் வரைக்கும் தட்டுத் தட்டாகக் கட்டிக் கொடுப்பார். அதன்மேல் நின்றுதான் பெயிண்ட்காரர்கள் பொம்மைகளுக்கு வர்ணம் அடிப்பார்கள். லீவு நாளில் செல்லக்கிளி கூடப் போவாள். முதலில் கீழே நின்று கம்பு எடுத்துக் கொடுத்தாள். பத்து வயதில் மேலேயே ஏறிவிட்டாள்.

மருதையிடம் ஒரு வழக்கம் உண்டு. சாரம் கட்டி முடித்ததும் வேறு யாரையும் காலை வைக்க விடமாட்டார். தானே ஏறி, ஒவ்வொரு தட்டிலும் நடுவில் நின்று மூன்று தரம் குதிப்பார். "கட்டினவன் கீழ நின்னுக்கிட்டு அடுத்தவனை ஏறுன்னு சொல்லக்கூடாது" என்பார். அவர் பெண்ணுக்குக் கொடுத்த சீர் அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பாத்திரம் பண்டமும் கொடுத்தார், அதை இல்லை என்று சொல்லவில்லை.

காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். அங்கிருந்து வடக்கே பனிமலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து ஸ்ரீரங்கத்தில் விளையாட்டு டீச்சர் ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளை நார்த்தாமலைப் பக்கம் அழைத்துப்போய்ப் பாறை ஏறச் சொல்லிக்கொடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் கயிற்றைக் கொல்லையில் பரப்பி, விரலால் நிமிண்டி நிமிண்டி, சாண் சாணாகப் பார்ப்பாள். ஒருநாள் கிணற்று வாளிக் கயிறு அறுந்துபோக, நான் அவள் கயிற்றை எடுத்துத் தண்ணீர் இறைத்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. அருவாமனையை எடுத்துக் கயிற்றை இரண்டாக நறுக்கி என் கையில் கொடுத்தாள்.

"கிணத்து விளிம்புல உராஞ்சிருக்கு அத்தை. இது இனிமே துணியைத் தாங்கும், ஆளைத் தாங்காது."

இன்றைக்கும் எங்கள் திருவானைக்காவல் வீட்டில் துணி காய்வது அதில்தான்.

போன வருஷம் கிர்கிஸ்தானிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெயரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மலையும் குதிரையுமான நாடாம். வெளிநாட்டுக்காரர்கள் மலை ஏற வருவார்களாம். அவர்களுக்கு வழிகாட்டுகிற வேலை எல்லாம் ஆண்களுக்கு, அவர்கள் தின்ற தட்டைக் கழுவுகிற வேலை பெண்களுக்கு. ஒரு மலைக் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஏறக் கற்றுக்கொடுக்க முகாம் போடுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவளும் பெண்ணாக இருந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள் என்று இவளைக் கேட்டிருந்தார்கள். கோடை லீவோடு சம்பளமில்லாத லீவும் சேர்த்து இரண்டு மாதம். டிக்கெட்டும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது.

"கண்காணாத ஊர்ல அடுத்தவ பிள்ளைக்கு மலையேறக் கத்துக்குடுக்க, உன்னை யாரு வெத்தலை பாக்கு வச்சு அழைச்சா?" என்று கேட்டேன்.

"மெயில்ல அழைச்சாங்க அத்தை."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை என் முன்னால் வைத்து, "பேசாட்டிப் பரவாயில்லை, சாப்பிடுங்க. நான் எங்கப்பாகிட்ட கத்துக்கிட்டதைச் சொல்லிக் குடுக்கத்தான் போறேன்" என்றாள். அப்போதும் நான் சரி என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டினாள்.

இனி சொல்வது ஜென்சி சொல்லி எனக்குத் தெரியும். ஜென்சி மன்னார்புரத்துப் பெண். அந்த நாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள். நாலு வருஷத்தில் அவர்கள் பாஷை நன்றாக வந்துவிட்டது. செல்லக்கிளி பேசுவதை அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல முகாமுக்குக் கூடவே போயிருந்தாள்.

முகாமில் ஒரு நிபந்தனை. பத்து நாளுக்குள் எட்டுப் பெண்களாவது சேரவேண்டும். சேராவிட்டால் மூடிவிடுவார்கள், அடுத்த வருஷமும் அந்தக் கிராமத்துக்கு வரமாட்டார்கள். முதல் நாள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் வரைக்கும் ஒருத்தியும் சேரவில்லை. ஜென்சி விசாரித்தாள். குல்நாரா என்று ஒரு அம்மா. எழுபது வயது. அவர் தன் பேத்தி ஐசாதாவை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். அவர் அனுப்பாமல் ஊரில் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

செல்லக்கிளி நேராக அந்த வீட்டுக்கே போனாள். டீயும் ரொட்டியும் வைத்து, குல்நாரா கேட்ட முதல் கேள்வி: "உனக்கு மாமியார் இருக்காளா? விட்டாளா?"

உடனே எனக்கு வீடியோ கால் வந்தது. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஜென்சி.

"பாட்டி, மருமகளை எதுக்கு அனுப்புனீங்கன்னு கேக்குறாங்க."

"நான் அனுப்பலை. அவளா வந்தா."

"தடுக்கலையான்னு கேக்குறாங்க."

"தடுத்தேன். கேக்கலை. அவங்க மருமக மட்டும் கேட்டுடுவாளாமா?"

ஜென்சி சிரித்தாள். குல்நாரா சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பயமில்லையான்னு கேக்குறாங்க."

"பயமில்லாம இருக்குமா? அகிலாண்டத்தம்மாவுக்கு தினம் விளக்கு போட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

அதைக் கேட்டதும் அந்த அம்மா டீக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். ஜென்சியின் குரல் இறங்கிவிட்டது.

"அவங்க மகன் மலைக்குச் சுமை தூக்கிட்டுப் போவாராம் பாட்டி. மூணு வருஷத்துக்கு முன்னாடி கயிறு விட்டுப்போய் விழுந்து இறந்துட்டாராம். கயித்தைக் கட்டினவன் கீழ நின்னான், ஏறினவன் என் மகன், அப்படிங்கிறாங்க."

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். போனில் செல்லக்கிளியின் குரல் மட்டும் கேட்டது.

"ஜென்சி, அம்மாவை நாளைக்குக் காலையில பாறைக்கு வரச் சொல்லு. பேத்தி வேணாம். அவங்க மட்டும் வந்தாப் போதும்."

மறுநாள் குல்நாரா வந்தார். பின்னாலேயே ஊர்ப் பெண்களும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு தென்னை உயரப் பாறை. உச்சியில் வளையம் மாட்டி அதில் கயிற்றைக் கோத்திருந்தார்கள். செல்லக்கிளி முதலில் அந்தக் கயிற்றின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துத் தானே தொங்கி மூன்று தரம் குதித்தாள். பிறகு ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினாள். இன்னொரு பக்கத்தைக் குல்நாராவின் இடுப்பில் மாட்டிய பட்டையில் இருந்த, கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற பூட்டு வழியாக விட்டு, எப்படி இழுக்க வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று இருபது தரம் செய்யவைத்தாள். முகாமின் இன்னொரு ஆசிரியை பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றாள்.

"நான் கிழவி. விட்டுட்டா?" என்றார் குல்நாரா.

"குதிரையைப் பிடிச்ச கைம்மா. விடாது."

ஏறினாள். குல்நாரா கயிற்றை இழுத்து இழுத்துச் சேர்த்தார். உச்சிக்குப் பக்கத்தில் போனதும் செல்லக்கிளி, "விடறேன்!" என்று கத்திவிட்டு இரண்டு கையையும் பாறையிலிருந்து எடுத்துவிட்டாள்.

கயிறு விறைத்தது. குல்நாரா இரண்டடி முன்னால் இழுபட்டு, குதிகாலை ஊன்றி நின்றார். பிடி தளரவில்லை. மேலே என் மருமகள் தொங்கினாள்.

"சரிம்மா, இப்ப மெதுவா இறக்குங்க!"

குல்நாரா இறக்கவில்லை.

"அக்கா, இறக்க மாட்டாங்களாம்!" என்று ஜென்சி கீழிருந்து கத்தினாள்.

"ஏன்டி?"

"கேள்வி இருக்காம்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குல்நாரா திரும்பி ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டது.

"ஒவ்வொரு பொண்ணு முடிச்சையும் நீங்களே பார்ப்பீங்களான்னு கேக்குறாங்க!"

"பார்ப்பேன்! என் முடிச்சையும் அவளைப் பார்க்கச் சொல்லுவேன்!"

"நீங்க கட்டுற கயித்துல யாரு முதல்ல ஏறுறது?"

"நான்தான்!"

"பேத்தி பயமா இருக்குன்னா?"

"இறக்கிடுவேன்! மறுநாள் அவளா கேட்டாத்தான் ஏத்துவேன்!"

"இப்படித் தொங்குறது உங்க மாமியாருக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க!"

"தெரியாது! சொல்லிடாதீங்க!"

அப்போதுதான் குல்நாரா சிரித்தாராம். சிரித்துக்கொண்டே பூப்போல இறக்கினார். தரையில் கால் பட்டதும் செல்லக்கிளியின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அது திட்டா கொஞ்சலா என்று ஜென்சிக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. இரண்டும்தான்.

மறுநாள் ஐசாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றது அந்த அம்மாதான். பத்தாம் நாள் கணக்குப் பார்த்தபோது ஒன்பது பெண்கள் இருந்தார்கள். முகாம் நடந்தது. குல்நாரா ஒருநாள்கூடத் தவறாமல் வந்து கயிறு பிடித்தாராம்.

கடைசி நாள் பெண்களே கயிறு கட்டவேண்டும். அந்த வீடியோவை ஜென்சி எனக்கு அனுப்பியிருந்தாள். நான் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் மருதை வீட்டுக்குப் போனேன். முழங்கால் தேய்ந்துபோய் இப்போது வீட்டோடு இருக்கிறார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினாறு வயது ஐசாதா வளையத்தை மாட்டிக் கயிற்றைக் கோக்கிறாள். தோழிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு, தான் மட்டும் கயிற்றில் தொங்கி மூன்று தரம் குதிக்கிறாள். அப்புறம்தான் அடுத்தவளைக் கூப்பிடுகிறாள். செல்லக்கிளி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கட்டினது யாரு?" என்றார் மருதை.

"அந்தப் பொண்ணுதான் சம்பந்தி."

"ம்." போனை என்னிடம் நீட்டி, "இன்னொரு தரம் போடுங்க" என்றார். ஐந்து தரம் போட்டேன்.

செல்லக்கிளி ஊருக்கு வந்தபோது அவளிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டிப் பேச எனக்கு வராது. அவள் கேட்காமலே பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தேன். தொங்கினதை ஏன் சொல்லவில்லை என்று சண்டையும் போட்டேன்.

வருகிற கோடைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். போ என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் பரணிலிருந்து அவள் பெட்டியை இறக்கி வெயிலில் வைக்கும்படி காலையில் அழகிரியிடம் சொன்னேன். எழுதி முடித்ததும் அதைச் செய்யப்பா.