அந்தோணி கழுவ மறக்காத பில்டர்

அந்தோணி போய்விட்டான். காலையில் அவன் மகள் ஜெயமேரி போன் செய்து சொன்னாள்.

எனக்கு வயது தொண்ணூறு. பேத்தியின் போனில் ஒற்றை விரலால் அடிக்கிறேன்... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் வில்லியனூர் பக்கத்திலிருந்து டவுனுக்கு ஆற்று வழியாக நெல் ஏற்றிப் போகும் மிஷின் போட் ஒன்று இருந்தது. ஒடிசலான, நீளமான போட். மிஷின் அவன் பொறுப்பு, சுக்கான் என் பொறுப்பு.

மிஷின் மக்கர் பண்ணினால் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். ஒரு குச்சியை மிஷின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். எண்ணெயைத் தொட்டு நாக்கில் வைப்பான். "தண்ணி கலந்துகீது கோவிந்து" என்பான். கலந்துதான் இருக்கும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு அவன் ஊரில் இல்லை. நானே மிஷினைத் துடைத்துப் பூஜை போட்டேன். வட்டமாக எது தெரிந்தாலும் அதன்மேல் சந்தனம், குங்குமம். கற்பூரத்தை மட்டும் தள்ளி ஏற்றினேன், அவன் திட்டுவான் என்று.

மறுநாள் காலை என் மனைவி தனத்துக்கு இடுப்பு வலி. தலைப்பிரசவம், குழந்தை திரும்பவில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோ என்றாள் மருத்துவச்சி. ரோடெல்லாம் மழைச் சேறு. ராத்திரியே ஊர் திரும்பியிருந்த அந்தோணியும் நானும் அவளைப் போட்டில் ஏற்றினோம்.

கால் மணி ஓடியது, நின்றது.

அந்தோணி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். எண்ணெய் இருந்தது. மூடிவிட்டு பைப்பைக் கழற்றி ஊதி மாட்டினான், கிளம்பியது. மறுபடி கால் மணி... மறுபடி நின்றது. காற்று எதிரே. நான் கழி ஊன்றித் தள்ளியும் போட் நகரவே இல்லை. தனம் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது முறை மூடியைத் திறந்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை விரல் நகத்தால் எதையோ சுரண்டிக் கைலியில் துடைத்தான். அதன்பிறகு டவுன் வரைக்கும் மிஷின் நிற்கவே இல்லை.

"இன்னாடா ஆச்சு?"

"பில்டர்ல அழுக்கு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே கழுவியிருக்கணும், மறந்துட்டேன்."

ஆண் குழந்தை. அழவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்றார் கன்னியாஸ்திரி அம்மா.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து அடித்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். அந்த வாரமே போட் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

பன்னிரண்டு வருஷம் கழித்து என் வயலில் ஆயில் இன்ஜின் போட்டேன். பூஜைக்கு மறுநாள் அதுவும் கால் மணிக்கு ஒரு தரம் நின்றது. மெக்கானிக் வந்து டேங்க் மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினான்.

"சாமி கும்புடுங்க, வேணான்னல. இந்த ஓட்டைய ஏன் அடைச்சீங்க? காத்து உள்ள போனாதான எண்ணெ எறங்கும்?"

அன்று போட்டில் அந்தோணி கட்டை விரல் நகத்தால் சுரண்டியது ஞாபகம் வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா? அப்பறம் நீ தனம் மூஞ்சில எப்பிடிறா முழிப்ப? வா, ஒக்காந்து சோறு துன்னு."

தனத்திடம் நானும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே காலம் போய்விட்டது. அவனை எதிரில் கண்டால் கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழை நான்... வேறென்ன சொல்ல.

அவள் போனபோது மாலையோடு வந்தவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். "உள்ள வேணான்டா, அவளுக்குப் புடிக்காது" என்றான்.

இன்று போனில் ஜெயமேரி அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா செஞ்ச தப்ப மனசுல வெச்சிக்காதீங்க பெரிப்பா. வருசா வருசம் கல்லறத் திருநாளுக்கு ஒங்க கொழந்த பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்துவாரு. தன்னாலதான் போச்சுன்னு சொல்லுவாரு."

பெற்ற பிள்ளைகளிடம்கூட அவன் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெயமேரி, உங்க அப்பா எந்தத் தப்பும் செய்யலம்மா. பெட்டியை மூடுவதற்கு முன்னால் இதை எல்லாருக்கும் கேட்கும்படி படி.

போய் வாடா அந்தோணி.