போர்வெல் தண்ணீர் செம்பட்டிக்குப் போன கதை

கையில் ஒரு ஸ்பேனரோடு தொடங்கியவன் நான். லேத் பட்டறை, வீடு, அதன் மேல் ஒரு மாடி, ரெண்டு மகள்களுக்குக் கல்யாணம், எல்லாம் ஒத்தை ஆளாய் நிமிர்த்தினேன். படிப்பு மூணாம் வகுப்பு. பாறையில் தண்ணீர் வராது என்றார்கள். எழுநூறு அடி போர்வெல் போட்டேன், வந்தது. என்ன, கொஞ்சம் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. "உப்பளமாவது நடத்துங்க" என்பாள் என் வீட்டுக்காரி ஸ்டெல்லா.

அந்தத் தண்ணீரை ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேனில் பிடித்துத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். செம்பட்டி இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே மருமகன் ஆரோக்கியம் கண்ணாடித் தொட்டியில் சிக்லிட் என்கிற நீல மீன் வளர்க்கிறார். அதற்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி. இவரோ பாசத்தில் சுத்திகரித்த கடைக் கேன் தண்ணீரை ஊற்ற, ஆறில் நாலு செத்துப்போய்விட்டது. "இன்னொண்ணு செத்தா தொட்டி காயலான் கடைக்கு" என்று மகள் ரெஜினா சொல்லிவிட்டாள். முந்தின வாரம் மருமகன் போனில் அந்த ஏரியைப் பற்றிப் படித்துக் காட்டினார்: சுற்றிலும் பாறை, கடினத் தண்ணீர். அட, என் போர்வெல்லைத்தான் எழுதியிருக்கிறான்!

பஸ்ஸில் கண்டக்டர், "கொஞ்சம் தண்ணி குடுங்க பெரியவரே" என்று ஒரு வாய் குடித்து, ஜன்னல் வழியே துப்பினார்.

"இதுக்கு லக்கேஜ் போடவா, ஃபைன் போடவா?"

"மீனுக்குய்யா."

"மீன் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

பஸ்ஸே சிரித்தது.

செம்பட்டியில் கேனைக் கவிழ்க்கப் போனேன். மருமகன் தடுத்தார். "ஒரேயடியா மாத்துனா போயிரும் மாமா. செம்பு செம்பா ஊத்துவோம்." சரி, அது அவர் பங்கு. மிச்சமிருந்த ஜோடியில் ஆண் மீன் விரட்டினால் பெண் ஒளிய, குகை மாதிரிக் கல் அடுக்கியது நான். வாராவாரம் கேன் சுமந்ததும் நான்.

ஒருநாள் மகள் போன். "அப்பா, பொட்டை மீன் திங்க மாட்டேங்குது, தாடை வீங்கிருச்சு. எல்லாம் உங்க தண்ணி. காயலான் கடைக்காரர வரச் சொல்லிட்டேன்."

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். கடைக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். மீன் மிரண்டு வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து பொடிப்பொடியாய்க் குஞ்சுகள்! முட்டையை வாயிலேயே அடைகாத்துப் பட்டினி கிடக்குமாம் இந்த இனம்.

"குடும்பம் இருக்கிற வீட்ட நான் தூக்க மாட்டேன்மா" என்று கடைக்காரர் கிளம்பிவிட்டார்.

இப்போது மருமகன், "என் மீன், என் பராமரிப்பு" என்று போனில் படம் போட்டு ஊரெல்லாம் பாராட்டு வாங்குகிறார். காலிக் கேனோடு திரும்புகிற பஸ்ஸில் நான் முடிவு செய்தது இது: தொட்டியில் பெரிய எழுத்தில், "தண்ணீர்: லேத் சவரிமுத்து, திண்டுக்கல்" என்று ஒட்ட வேண்டும். ஸ்டெல்லா நேரில் வந்து, மூக்குக் கண்ணாடி போட்டு, அதைச் சத்தமாய்ப் படிக்க வேண்டும். அதுவரை அடுத்த கேன் பஸ் ஏறாது.