பாடத்திட்டத்தில் இல்லாத ‘த்சு’

பலெர்மோவில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் சான்றிதழ் எடுக்கவென்று நான் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கே முதல் மாதம் எங்களுக்குக் கற்பித்தது ஆல்ப்ஸ் மலையில் ஏறுவது எப்படி என்று. பகிடி விடவில்லை. இத்தாலிய வாசிப்புப் பாடத்தில் ஒரு மலையேறி பனியில் வழி தவறுகிறான், ஒரு குடிசையைக் காண்கிறான், பாணும் சீஸும் தின்கிறான். கேள்வி: அப்போது அவன் என்ன உணர்ந்தான்? அவன் என்னத்தை உணர்ந்தால் எனக்கென்ன! வெளியே பலெர்மோவின் கால்சாப் பகுதி வெயிலில் தெருத் தார் இளகிக்கொண்டிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் பனியைக் கண்டது மீன்கடையில் மீனுக்குக் கீழேதான்.

நான் அறிவை வளர்க்க அங்கே போகவில்லை. கால்சாவிலேயே ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் இரவு பகலாகத் தங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மணி, எண்பதைத் தாண்டிய கிழவி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வகுப்பு நேரத்துக்கு மட்டும் அவளுடைய மகள் வந்து பார்த்துக்கொள்வாள். என் கணவர் வடக்கே ஒரு தொழிற்சாலையில். ஓகஸ்டில் மட்டும் வருவார். என் மகள் அதே நகரில் அல்பெர்கேரியாவில் என் மச்சாள் வீட்டில் வளர்ந்தாள். மச்சாள் என்றால் கணவரின் தங்கை, நல்ல மனுசி. எனக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு. அந்த நேரத்தில் மட்டும் நான் தாய்.

சான்றிதழ் இருந்தால் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை கிடைக்கும். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். என் பிள்ளையோடு ஒரு கூரைக்குக் கீழே படுத்தெழும்பலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் சொன்னேன்: “அம்மா பாஸ் பண்ணின உடனை இஞ்சை வந்திடுவன், என்ன?”

“ஓம்” என்றாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு. பிறகு அனுமதி வரவில்லை, ஆசிரியர் கிடைக்கவில்லை என்று வகுப்பு தொடங்கவே இரண்டு வருடம் இழுபட்டது. அதற்குள் அவள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள். கட்டிப்பிடிப்பதும் நின்றுவிட்டது.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் இந்த ஊரிலேயே பிறந்த போர்கோ வெக்கியோக்காரி. அவளுக்கு அங்கே சந்தையில் மரக்கறிக் கடை. மாமியாரை ஏழெட்டு வருடம் தூக்கிக் கிடத்திப் பார்த்தவள். மலைக்கதை மூன்றாம் தரமும் வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று, “ஆசிரியை, எங்கள் வேலைக்கு உதவுகிற எதையாவது சொல்லித்தாருங்கள், கடைக்கு ஆள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்” என்றாள். ஆசிரியை இளம்பெண். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உண்மைதான், பாடம் வாழ்க்கையோடு ஒட்டவேண்டும், அடுத்த கிழமையிலிருந்து எல்லாவற்றையும் உங்கள் தொழிலுக்கு ஏற்றமாதிரி மாற்றுகிறேன் என்றாள். நாங்கள் கைதட்டினோம். விசரிகள்!

அடுத்த கிழமை வந்தது. அதே கதை. “மலையேறி” என்ற சொல்லை வெட்டிவிட்டு “பராமரிப்பாளர்” என்று போட்டிருந்தாள். இப்போது பராமரிப்பாளர் பனியில் வழி தவறுகிறாள், பராமரிப்பாளர் குடிசையில் சீஸ் தின்கிறாள். கணக்குப் பாடத்தில் முன்பு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் ஓட்டை, எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று இருந்தது. அது இப்போது நோயாளியின் குளியல் தொட்டி. எந்தக் கோதாரியில் போவாள் கிழவியைத் தொட்டிக்குள் இருத்திவிட்டு அடைப்பையும் திறந்து குழாயையும் திறப்பாள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்குத் தந்தது சுரைக்காய்க்குப் புடலங்காய் என்று பெயர் மாற்றின ஏடு.

பிறகு “உடல்மொழி” என்று ஒரு பாடம் வந்தது. ஜப்பானியர் எப்படிக் குனிவார்கள், ஆங்கிலேயர் எவ்வளவு தள்ளி நிற்பார்கள் என்று படம் போட்டுக் காட்டினாள். கடைசியில், “உங்கள் வேலையிலிருந்து யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள்” என்றாள். அந்த ஒரு நாள்தான் எனக்கு மனம் குளிர்ந்தது. சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. கையை உயர்த்தினேன்.

பலெர்மோக்காரர் “இல்லை” என்று வாய் திறந்து சொல்வது குறைவு. நாடியை, முகவாயைத்தான், கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கால் ஒரு “த்சு”. முடிந்தது கதை. தமிழரான எங்களுக்கோ அந்தச் சத்தம் இரக்கம். ஒருவருக்கு வருத்தம் என்றால் நாங்கள் உச்சுக்கொட்டுவோம். தலையும் தானாக இடம் வலமாக ஆடும். சிஞ்ஞோராவிடம் சேர்ந்த புதிதில் அவள், “முதுகு வலிக்கிறது, தலையணையை உயர்த்து” என்று கெஞ்சினாள். பாவம் என்று நான் “த்சு, த்சு” என்றேன். கிழவி ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். தலையணைகூடத் தரமாட்டேன் என்கிறாள், கல்நெஞ்சக்காரி என்று தன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். அன்று என் வேலை போயிருக்கும். தலையணையை உயர்த்தி, கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த பத்து இத்தாலியச் சொல்லையும் கொட்டி விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என் த்சு இரக்கம், அவளுடைய த்சு மறுப்பு என்று நாங்கள் இருவரும் பழகிக்கொண்டோம். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது வாயை மீறி வரும். தும்மலை யார் நிறுத்துவது?

இதைத்தான் வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கும் இந்த ஊர் நோயாளிகளுக்கும் இடையில் இப்படிப் பிரச்சினை வரும், இதைப் பழக்கித்தந்தால் உதவி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போர்கோ வெக்கியோக்காரி மேசையில் தட்டிச் சிரித்தாள். ஆசிரியையும் சிரித்தாள். “இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா?” என்று கேட்டேன். அவள் பாடத்திட்டத்தை ஒருமுறை பார்த்தாள். நாடியைத் தூக்கினாள். “த்சு” என்றாள்.

தேர்வு வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறினேன். பனிமலையும் வந்தது, குளியல் தொட்டியும் நிரம்பியது. மிச்சம் செய்முறை. கத்தானியாவிலிருந்து தேர்வாளராக வந்த ஓர் ஆண் தாதி, நரைத்த மீசைக்காரர், கட்டிலில் படுத்து நோயாளியாக நடித்தார். ஆசிரியை சுவரோரம் நின்றாள். நான் கை கழுவினேன், கையுறை போட்டேன், கட்டிலின் பூட்டைப் பார்த்தேன், என் பெயர் சொல்லி வணக்கம் சொன்னேன். எல்லாம் சரியாகப் போனது. அந்த மனுசன் அவ்வளவு நன்றாக நடிக்காமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடி, குரலை உடைத்து, “மகளே, இடுப்பு தாங்கமுடியவில்லை, கொஞ்சம் திருப்பிவிடு” என்று முனகினார். அச்சொட்டாக என் கிழவியின் முனகல்.

“த்சு, த்சு, த்சு” என்றது என் வாய். தலையும் ஆடியது.

அவர் கண்ணைத் திறந்தார். எழும்பி இருந்தார். “மாட்டேன் என்கிறாயா? அதுவும் மூன்று தரம்?” என்றார். என் கைகள் அவரைத் திருப்ப நீட்டியபடியே நின்றன. மறுப்பு இல்லை, இரக்கம், எங்கள் ஆட்கள் இப்படித்தான் என்று சொன்னேன். அவர் என்னை நம்பத்தான் பார்த்தார். ஆசிரியையின் பக்கம் திரும்பி, “இப்படி ஒரு விஷயம் வகுப்பில் பேசப்பட்டதா?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நினைவிருந்தது. அது அவள் கண்ணில் தெரிந்தது. ஓம் என்றால், ஏன் பழக்கவில்லை என்ற கேள்வி அடுத்ததாக வரும். “பாடத்திட்டத்தில் இல்லை” என்றாள். பொய்யும் இல்லை, பாருங்கள். இல்லைதானே!

நோயாளியுடனான அணுகுமுறையில் தவறிவிட்டாய் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். மறுபடி எடுக்கலாம், அடுத்த வகுப்புக்கு அனுமதி வந்தால். எப்போது வரும்? தோளைக் குலுக்கினார்கள். அந்தத் தோள் குலுக்கலும் பாடத்தில் இல்லை, ஆனால் அது எல்லோருக்கும் விளங்கும். போர்கோ வெக்கியோக்காரி தேறிவிட்டாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, ஆசிரியையின் ஏழு தலைமுறையையும் சிசிலிய மொழியில் திட்டித் தீர்த்தாள். என் சிஞ்ஞோராவுக்கோ சந்தோசம். “அப்படியென்றால் நீ என்னை விட்டுப் போகமாட்டாய்” என்று என் கையை முத்தமிட்டாள். உள்ளுக்குள் பற்றி எரிந்தது. அந்த நேரம் கிழவியை மட்டுமல்ல, அந்த ஊரையே வெறுத்தேன்.

வியாழன் பின்னேரம் அல்பெர்கேரியாவுக்குப் போனேன். மச்சாள் எங்களுக்கு முதுகு காட்டி அடுப்பில் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். மகள் குசினி மேசையில் போனோடு இருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“த்சு, த்சு... உவளவைக்கு என்ன விசரே?” என்றாள் மச்சாள். “ஒரு வருசம் மினக்கெட்டுப் படிச்சு, கடைசியிலை உந்த நாக்காலையே போச்சு.”

நான் மகளைப் பார்த்தேன். பதினைந்து வயது. கண்மையை நீட்டி இழுத்திருந்தாள், இந்த ஊர்ப் பெட்டையளைப் போல.

“நான் விடமாட்டன் பிள்ளை” என்றேன். “இன்னொருக்கா எடுப்பன். பாஸ் பண்ணிப்போட்டு இஞ்சை வந்திடுவன், உன்னோடை ஒரே அறையிலை. அம்மா வரட்டே?”

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாடி மட்டும் கொஞ்சம் மேலே போனது.

“த்சு.”

மச்சாள் திரும்பிப் பார்க்காமலே உருகிப்போனாள். “பாத்தியளே மச்சாள், தாய்க்கு ஒண்டெண்டவுடனை பிள்ளை எப்பிடிக் கவலைப்படுது!”

“ஓம் மச்சாள்” என்றேன்.