வெங்காய வண்டியில் என் நண்பனின் குரல்

"அண்ணா, அவரு எங்க தெருவுல வெங்காயம் வித்துகினு போறாரு" என்று நண்பனின் மனைவி போனில் சொன்னபோது, துக்கத்தில் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அவன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொஞ்சம் கழித்து விஷயம் புரிந்தது. தெருவில் போனது வண்டி ஸ்பீக்கரில் அவன் குரல்.

அவன் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மைக்கில் லாரி நம்பர்களைக் கூப்பிடும் வேலையில் இருந்தான். அசந்து தூங்கும் டிரைவரும் அலறியடித்து எழுந்திருக்கும் கணீர்க் குரல். நான் கம்ப்யூட்டர்க்காரன். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு கட்டற்ற மென்பொருளை நாங்கள் சில பேர் சேர்ந்து காசு வாங்காமல் எழுதிக்கொண்டிருந்தோம். அதிலிருந்த பழைய குரலைக் கேட்டுவிட்டு, "இன்னா மாமு இது, சளி புடிச்ச மிஷினாட்டம் கீது" என்று சிரித்தான். "அவ்வளவு கேலி பண்றவன் நீயே உன் குரலைக் குடேன்டா" என்றேன். கொடுத்தான்.

ராயபுரத்தில் அவன் வீட்டில்தான் பதிவு. ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, வேர்த்துக் கொட்ட உட்காருவோம். ரயில் போனால் நிறுத்த வேண்டும், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நிறுத்த வேண்டும், மசூதியில் பாங்கு முடியும்வரை காத்திருந்தால் மாதா கோயில் மணி ஆரம்பித்துவிடும். இப்படி நின்று நின்று மாதக்கணக்கில் படித்தான். அவன் படித்ததையெல்லாம் மென்பொருள் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் துண்டுகளை ஒட்டி அவன் குரலில் பேசிவிடும்.

வெளியிடுவதற்கு முன் அவனை உட்கார வைத்து உரிமத்தை விளக்கினேன். பதிப்புரிமை உன்னிடமேதான் இருக்கும், நீ விற்கவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். குரல் கொடுத்தவன் பெயரைச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கொடுத்த அனுமதியை நீ திரும்ப வாங்க முடியாது. கடைசி வரியில் அவன் தயங்குவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"பேரு கண்டிப்பா போடுவாங்களா?"

"போட்டே ஆகணும்."

"அது போதும் மாமு. இத்தினி வருஷமா மைக்குல கத்திகினு கீறேன், கத்துறவன் யாருன்னு ஒரு டிரைவருக்கும் தெரியாது."

போன வருஷம் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

போன் வந்த அன்றே திருவொற்றியூரிலிருந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவள் காபிகூடக் கொடுக்காமல் நேராக ஆரம்பித்தாள்.

"அந்த உரிமைன்றீங்களே, அவருக்கு அப்பால அது யாருக்கு?"

"உனக்குத்தான்மா."

"அப்ப நான் சொல்றேன். யாரும் எடுக்கக் கூடாது. நிறுத்தச் சொல்லுங்க."

முடியாது என்று சொன்னேன். நினைத்தபோது திரும்ப வாங்கலாம் என்றால், பார்வை இல்லாதவர் ஒருவர் காலையில் எழுந்து போனைத் தொடும்போது குரல் காணாமல் போயிருக்கும், அதற்காகத்தான் அந்த வரி என்றேன். அது சரியான வரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்ததே என்று எரிச்சலாக இருந்தது.

"என் பொருளு. ஆனா நான் வாணாம்னு சொல்லக் கூடாது. இன்னா சொந்தம்ணா இது?" என்றாள்.

கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் கட்டற்ற உரிமம் பற்றி வாய் கிழியப் பேசியவன் நான். போனில் உரிமத்தைத் திறந்து மறுபடி மேலிருந்து படித்தேன்.

அப்போது கீழே வண்டி வந்தது. "பெல்லாரி வெங்காயம், சாம்பார் வெங்காயம், வாங்கம்மா வாங்க!" அவன்தான். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவன் சொல்லாத வார்த்தைகள். அவள் விறுவிறுவென்று படியிறங்க, நான் பின்னால் ஓடினேன்.

வண்டிக்காரர் நல்ல மனுஷன். "செம குரலுக்கா, மூணாவது மாடி வரைக்கும் கேக்குது. போன்ல ஒரு ஆப்பு கீது, நாம எழுதுறத பேசும்" என்றார். "இது எங்க வூட்டுக்காரரு" என்றாள் அவள். அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். "சத்தியமா தெரியாதுக்கா. இன்னா பண்ணணும் சொல்லுங்க."

நிறுத்து என்று சொல்லத்தான் இறங்கி வந்தாள். ஆனால் அணைந்துபோன ஸ்பீக்கரையே பார்த்தாள். "அவரு பேர சொல்லணும்னு மட்டும்தான் கேட்டாரு" என்றாள்.

"பேரு இன்னாக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் நான்தான் சொன்னேன். இப்போதும் நானே சொன்னேன்.

மறுநாள் போன் வந்தது. "கேளுங்கண்ணா" என்று அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். வெங்காயம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "குரல் கொடுத்தவர்" என்று தன் பெயரை இனிஷியலோடு கணீரென்று சொன்னான் என் நண்பன். செயலியைச் செய்தவர்கள் அதில் எங்காவது ஒரு மூலையில் பெயரைப் போட்டாலே உரிமத்துக்குப் போதும். வண்டிக்காரருக்கு அது தெரியாது. மரியாதையாக நினைத்து எழுதியிருக்கிறார், பாவம்.

உரிமத்தில் இன்னொரு வரி உண்டு, அதையும் அவளிடம் சொல்லியாக வேண்டும். உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த வரி. அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

"பேர எடுத்துட்டா குரலு நின்னுடுமா?" என்று கேட்டாள்.

"நிக்காதும்மா. பேர் மட்டும் போயிடும்."

அவள் அழுவது கேட்டது. அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

"அப்ப வாணாம்ணா. அத நான் செய்ய மாட்டேன்."

போனை நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை அவன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனான்.