மார்கழியில் பூட்டிய வீடுகள்

மாமா அந்த எரிகட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மரத்தூளையும் கடலைத்தோலையும் சேர்த்து அழுத்திச் செய்த உருண்டைக் கட்டை. விறகைவிட நின்று எரியும், புகை குறைவு என்று சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார். அம்மாவின் தம்பி அவர். சிங்காநல்லூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, பம்பு மோட்டார்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எதையும் ஆரம்பித்துவிட்டுத்தான் யோசிப்பார். அத்தை அதற்காக அவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் பட்டறையும் வீடும் அந்தத் துணிச்சலில்தான் எழும்பியவை என்று அத்தைக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்களை விருந்துக்கு அழைத்திருந்ததே இதற்காகத்தான். முதலீட்டு ஆலோசகர் ஒருவர் மாமாவுக்கு வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்திருந்தார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடுகளில் குளிர்காய்வதற்கு இந்த எரிகட்டையை விற்பது என்பது திட்டம். மலையில் இத்தனை வீடுகள், வீட்டுக்கு மாதம் இத்தனை மூட்டை, குளிர் இத்தனை மாதம் என்று பெருக்கி, துணிந்து முதலீடு செய்யலாம் என்று முடித்திருந்தார். மாமா கட்டை அழுத்தும் இயந்திரத்துக்குத் தன் கைப்பணத்தில் முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு உறவுகள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதாகப் பேச்சு.

என் பிழைப்பே இப்படிப்பட்ட அறிக்கைகளைக் குடைவதுதான். சரவணம்பட்டியில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, ‘இதில் பணம் போடுங்கள்’ என்று யாராவது எழுதினால், எதை நம்பி அப்படி எழுதினார்கள் என்று தோண்டிப் பார்ப்பேன். மாமாவுக்கு அதில் பெருமை. “ஏங்கண்ணு, நீ இதத்தான பெரிய ஆபீசுல பாக்கறே? பாத்துப்போட்டுச் சொல்லு பாக்கலாம்” என்று அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

நான் அதிகமெல்லாம் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “மாமா, குளிர்காலத்துல அந்த ஊடுகள்ல யாரு இருப்பாங்க?”

மாமாவின் சம்பந்தி, கோத்தகிரியில் பங்களா வைத்திருப்பவர், வாய்விட்டுச் சிரித்தார். “அட, ஆமாங்க சம்பந்தி! எங்க ஊடே மார்கழியில பூட்டித்தான கெடக்குது! நாங்க போறதே மே மாசத்துலதானுங்க!” எல்லாரும் சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மலை என்றால் சீசன்தான். கோடையில் போய் நடுங்கிவிட்டு வந்து, அந்த நடுக்கத்தை வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டிருந்தோம். நிஜமான குளிரில் அங்கேயே இருப்பவர்கள் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து செய்த குச்சியை எரிப்பார்கள். விலை கொடுத்துக் கட்டை வாங்க மாட்டார்கள். நான் அதையும் சொன்னேன். கேட்கிறவர்கள் இருந்தால் எனக்கு வாய் நிற்காது.

மாமாவும் சிரித்தார். தன் மகளைக் கொடுத்த வீட்டாருக்கு முன்னால் ஒருவர் அப்படிச் சிரிக்க வேண்டி வந்தால் அது எப்படி இருக்கும் என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டுத் தூரம்கூட இல்லை.

உறவுகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். முன்பணம் திரும்பவில்லை, இயந்திரம் வந்து இறங்கிவிட்டது, மீதியைக் கட்டித்தான் ஆக வேண்டும். எல்லாரும் சேர்ந்திருந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் போயிருக்கும் நஷ்டம், என் கேள்வியால் ஒரே ஆளின் தலையில் இறங்கியது. பட்டறையை விற்றார். இயந்திரத்தை வந்த விலைக்குப் பெருந்துறைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். அவர் இன்று அதே கட்டையைச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விற்று நன்றாகவே இருக்கிறார். அறிக்கையில் வீடு என்று போட்டிருந்தது, நானும் வீட்டோடு நின்றுவிட்டேன். வீடு இல்லையென்றால் வேறு யாருக்கு விற்கலாம் என்று என் வாயில் வரவில்லை. மாமாவுக்கு வந்திருக்கும், கொஞ்சம் அவகாசம் இருந்திருந்தால். அவர் அப்படித்தான் வாழ்ந்தவர்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மாறாக, போகிற விசேஷத்திலெல்லாம் “எங்க அம்மணி ஒரே கேள்வியில எல்லாரையும் காப்பாத்திப்போட்டுச்சுங்க” என்று மனதாரச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். இப்போது வேறொருவர் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறார். மிக்சி வாங்குவதற்கும் என்னைக் கேட்கிறார். என்னைக் ‘கண்ணு, வா, போ’ என்று பேசிக்கொண்டிருந்தவர், எப்போதிருந்தோ ‘வாங்க, சொல்லுங்க’ என்கிறார். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட ‘ங்க’ போடுவோம், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது அழைத்தார். அவர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி மகனோடு வெளிநாடு போகிறாராம். பட்டறையை அப்படியே மாமாவையே குத்தகைக்கு எடுத்து நடத்தச் சொல்கிறாராம். சொல்லும்போது குரலில் பழைய மாமா கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எனக்குள் கேள்விகள் வழக்கம்போல் வரிசையில் வந்து நின்றன: குத்தகை எத்தனை வருடம், ஆர்டர்கள் கூடவே வருமா, இயந்திரங்கள் எத்தனை பழசு. எல்லாவற்றையும் விழுங்கினேன். “எடுத்து நடத்துங்க மாமா. நல்லா வரும்” என்றேன்.

“ஒண்ணுமே கேக்கலீங்களே, அம்மணி?”

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க மாமா. நீங்க செய்யுங்க.”

“அன்னைக்குக் கேட்டீங்க. கேட்டதுனாலதான் எல்லாரும் தப்பிச்சாங்க” என்றார் மெதுவாக. “இப்ப எம்மனசு நோகக்கூடாதுன்னு கேக்காம வுட்டுப்போட்டீங்க. எனக்குத் தெரியாதுங்களா? சரிங்க. சாப்டீங்களா?”

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார். படிக்கட்டுப் பக்கம் போய் நின்று, என்ன சொல்வது என்று யோசித்தேன். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். குத்தகையையும் ஆர்டரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் பதில் சொல்லச் சொல்ல, நல்ல காரியம்தான் என்று அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும். திரும்ப அழைத்தபோது எடுத்தது அத்தை.

“செல்போன ஊட்டுலயே வெச்சுப்போட்டு இப்பத்தான் வண்டி எடுத்துட்டுப் போறாரு கண்ணு” என்றார். “அம்மணிக்குப் புடிக்கலயாட்ட இருக்குது, மொதலாளிகிட்ட வேண்டாம்னு நேர்லயே சொல்லிப்போட்டு வாரேன்னாரு.”