ஹரிஹரன் எந்தப் பக்கத்தில் சிரித்தார்?

ஹரிஹரனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், "எங்கே ஓய் ஓட்டை?" என்று கேட்டுக்கொண்டேதான் போனை எடுத்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு வருடக்கணக்காக உழைத்து எழுதிய நிரூபணத்தை, ஓட்டை இருந்தால் சொல்லும்படி அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பேசியது அவர் மகள் காயத்ரி. "மாமா, அப்பா காலம்பற போயிட்டார்" என்றாள். துக்கச் செய்தியை இப்படி வரவேற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் கணிதத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆயுள் முழுக்க அவருக்கு ஒரே விஷயம்தான்: நில்பொடென்ட் குலங்களில் மாறாத கான்டாக்ட் அமைப்புகள். அர்த்தம் கேட்டால் காரில் ஏற்றிக்கொள்வார். கரமனையில் அவர் வீட்டுக் குறுகலான தெருவுக்குள் வர ஆட்டோக்காரர்களே யோசிப்பார்கள். "கார் பக்கவாட்டில போகாது, அது விலக்கின திசை. ஆனா கொஞ்சம் முன்னால, கொஞ்சம் வளைச்சுப் பின்னால... நகர்ந்துடும் பாரும். எல்லா எடத்துலயும் இதே விதியாக்கும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டுச் சுவரில் உரசியிருப்பார். "சாரே, விதியெல்லாம் செரி. பெயின்ட்?" என்று ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "அது அப்ளைட் மேத்ஸ்" என்றார் ஹரிஹரன்.

நில்பொடென்ட் குலத்தில் கான்டாக்ட் அமைப்பு இருந்தால் அந்தக் குலத்தின் மையம் ஒரே ஒரு பரிமாணம்தான் என்பது தெரிந்த சங்கதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மையம் அப்படி இருந்து, குலத்தின் பரிமாணமும் ஒற்றைப்படையாக இருந்தால் அமைப்பு இருந்தே தீரும் என்று அவர் ஒரு தேற்றம் எழுதினார். கருத்தரங்கு நாளன்று காலையில் அதைப் பொய்யாக்கும் ஓர் எதிர்மாதிரியோடு, ஐந்து பரிமாணத்தில், போய் நின்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மேடையேறி, "என் தேற்றம் இன்னிக்குக் காலம்பற சிவலோகம் போயிடுத்து. பதிமூணு நாள் காக்க வேண்டாம், சாப்பாடு இன்னிக்கே" என்று அறிவித்து, துறைக்கே பாலடைப் பிரதமன் பாயசம் வாங்கித் தந்தார். கொன்றவனுக்கு இரண்டு கிளாஸ். அன்றிலிருந்து ஒருவர் எழுதியதை மற்றவர் உடைத்துப் பார்க்காமல் நாங்கள் எதையும் வெளியே அனுப்பியதில்லை.

துக்க வீட்டில் நிரூபணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயத்ரியே சொன்னாள்: "நேத்து உங்க பேப்பரை வாசிச்சுண்டே விழுந்து விழுந்து சிரிச்சார், மாமா. அவ்ளோ சந்தோஷம்."

அது அவளுக்கு ஆறுதல். எனக்கு இல்லை. சரியான நிரூபணத்தைப் படித்து ஹரிஹரன் சிரித்ததே கிடையாது; உம்மென்று ஆகிவிடுவார். சிரித்தால் ஓட்டை உண்டு. "எந்தப் பக்கத்தில் சிரித்தார்?" என்று கேட்டேவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரோடு பழகிய நீங்கள் ஒவ்வொருவரும் அவருடையது என்று ஏதாவது வைத்திருப்பீர்கள். எனக்கு ஒரு தப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தினமும் தேடுகிறேன். இதுவரை இரண்டு அகப்பட்டன. இரண்டுமே அவர் விழுந்து விழுந்து சிரிக்கிற தரத்தில் இல்லை.