களைக்குத் தண்ணீர்

பங்குனி பிறந்ததும் போர்வெல் இருமத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் தண்ணீர், பிறகு காற்று, பிறகு சேறு. மைசூருக்கு வெளியே நரசிபுர சாலையில் இருந்த அந்தத் தோட்டத்தில் இனி ஒரு பக்கம்தான் நனையும். கத்தரிப் பாத்தியா, வேலியோரத்துப் பூக்களா என்று பசம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கத்தரியைக் கைவிட்டாள்.

கத்தரியும் வெண்டையும் அவள் சோற்றுக்கு. மிஞ்சினால் சந்தைக்கு. பூக்களால் யாருக்கும் பிரயோசனமில்லை. தும்பை, மூக்குத்திப்பூ, கிலுகிலுப்பை, தாமாக முளைத்தவை. கல்யாணமாகி ஹனூரிலிருந்து லிங்கப்பனோடு இங்கே காவலுக்கு வந்த புதிதில், கைப்பழக்கத்தில் அவற்றைப் பிடுங்கி எறிந்தாள். தோட்டத்தின் சொந்தக்காரி அன்னபூர்ணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடுங்காதேடி. அது பாட்டுக்குப் பூத்துண்டு இருக்கட்டும். இதைப் பாக்கத்தானே நான் வரேன்."

இப்போது லிங்கப்பன் இல்லை. அன்னபூர்ணி இடுப்பெலும்பு முறிந்தபின் மகனோடு பெங்களூரில் இருக்கிறாள். தோட்டத்தை வீட்டுமனை லேஅவுட் போடுகிறவர்களுக்கு விற்கப்போவதாக மகன் ஸ்ரீவத்ஸன் போனில் சொன்னான். கையெழுத்துப் போடும் முன் அம்மா ஒருமுறை பார்க்க வேண்டுமாம். தோட்டம் போனால் அதிலிருக்கும் தகரக் கொட்டகையும் போகும். பசம்மாவுக்கு வேறு கூரை கிடையாது. ஹனூர் வீடு கொழுந்தன் கைக்குப் போய் எத்தனையோ காலமாகிறது.

அம்மா பூவைப் பார்த்தால் விற்க மாட்டாள். பசம்மா அதை நம்பினாள்.

பக்கத்து நிலத்தில் ஆடு மேய்க்கும் சித்தையன் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தான். "ஏம்புள்ள, களைக்குத் தண்ணி ஊத்தறவள இப்பத்தான் பாக்கறேன். நாளைக்கு எருக்கஞ்செடிக்குப் பந்தல் போடுவியாட்டருக்குது."

"போடறனுங் மாமா. நீங்க மொதல்ல ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டுங்க."

கத்தரி முதலில் பூவை உதிர்த்தது. பிறகு இலையை. பசம்மா களியை மிளகாயோடு தின்றாள்.

கார் வந்த அன்று வேலி நெடுகிலும் தும்பை வெள்ளையாக இருந்தது. அன்னபூர்ணி ஊன்றுகோலோடு இறங்கி அப்படியே நின்றாள். கண் கலங்கியது.

"எப்படிடி, இந்த வெயில்ல?"

"உங்களுக்குத்தானுங்கம்மா. இத உட்டுப்போட்டு உங்களால இருக்க முடியுமாங்?"

அன்னபூர்ணியால் குனிய முடியவில்லை. பசம்மா ஒரு தும்பையைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"வத்ஸா, இப்பவே போட்டோ எடுத்து வாங்கறவாளுக்கு அனுப்பிடு. வெறும் பொட்டல்னு சொல்லி விலையைக் கொறைச்சாளே. நல்ல வேளை, இவ காப்பாத்தி வச்சிருக்கா." பசம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையில் நிஜமான அன்பு இருந்தது.

ஸ்ரீவத்ஸன் போனை உயர்த்தினான். "பசம்மா, கொஞ்சம் நகரும்மா. இன்னும் கொஞ்சம்."

அவள் பின்னால் நகர்ந்தாள். காலடியில் கத்தரிக் குச்சிகள் ஒடிந்தன.

"அங்கே வேண்டாம். நீயும் தெரியறே, காஞ்சதும் தெரியறது."

அவள் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.